மாடிப்படியில் நின்ற 40 நிமிடங்கள்

கேள்வி

அம்மா, எனக்கு வயது 29. பி.ஃபார்ம் முடித்துக் கர்நாடக மருந்தாளுநர் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறேன். பெங்களூரில் ஒரு மருந்துக் கடை நிறுவனத்தில், வயதானவர்களின் வீடுகளுக்குச் சென்று மருந்துகளைச் சரிபார்த்து, வார மாத்திரைப் பெட்டியைக் கொடுத்து வரும் பிரிவில் இரண்டரை ஆண்டுகளாக இருக்கிறேன். அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர், ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழ் வீடுகள் எல்லாம் என்னிடம்தான் வருகின்றன. 8 பேர் இருந்த பிரிவில் 14 மாதங்களில் 5 பேர் போய்விட்டார்கள். அவர்கள் பார்த்த வீடுகளும் இப்போது எங்கள் தலையில். நாளுக்கு 9 வீடுகள், வீட்டுக்கு 20 நிமிடம் என்று கணக்கு. குறிப்புகளை இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் சத்து மாவு, வைட்டமின் விற்க இலக்கும் உண்டு.

சென்ற மாதம் ஸ்ரீராம்புரத்தில் 78 வயதுப் பாட்டி ஒருவர், இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயர்களில் எழுதிய ஒரே மருந்தை, கிளிமெபிரைடை, இரண்டுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டருக்கு ஃபோன் செய்தேன். வரவேற்பில் இருந்தவர் கடைசிவரை இணைப்புத் தரவில்லை. மாடிப்படியில் 40 நிமிடம் நின்றேன். அடுத்த இரண்டு வீடுகளுக்குத் தாமதம் என்று மேலாளர் திட்டினார். இன்னொரு வீட்டில் நோயாளியின் மகன் மட்டும் இருந்தான். நான் உள்ளே போனதும் கதவைத் தாழிட்டான். பயந்து, தாழை நீக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "நல்ல வாடிக்கையாளர், பெரிதுபடுத்தாதே" என்றார்கள். போன வாரம் ஓர் அம்மா அழுதுகொண்டே பேசியபோது நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா? எனக்கு மன உறுதி போதவில்லையா?

பின்குறிப்பு: அல்சூரில் ஒரு தாத்தா இறந்துவிட்டார். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நிரப்பிய மாத்திரைப் பெட்டியோடு போனேன், வீடு பூட்டியிருந்தது. மூன்று வாரமாக அந்தப் பெட்டி என் பையிலேயே இருக்கிறது.

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் என் கண் அந்த மாடிப்படியில்தான் போய் நின்றது. இலக்கு, கதவு, கடிகாரம் என்று எத்தனையோ எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரியாக அந்த 40 நிமிடம் வந்து போகிறது. எனக்கு முழுக் கடிதமும் அந்த வரிக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மன உறுதி பற்றிய கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். உறுதி இல்லாதவர் அங்கே நின்றிருக்க மாட்டார். "அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் பாட்டி" என்று சொல்லிவிட்டு, இறங்கி ஸ்கூட்டரை எடுத்திருப்பார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார், மேலாளரிடம் திட்டும் வாங்கியிருக்க மாட்டார்.

நம் துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக அந்தப் பாட்டியின் நிலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிளிமெபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். காலையில் ஒன்றரை இட்லி, மதியம் பசியில்லை என்று ஒரு டம்ளர் மோர், பிறகு படுக்கை என்று வாழும் உடலில் அது இரட்டிப்பாகப் போனால் இரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு, தூக்கத்திலேயே நினைவு தப்புவதும் உண்டு. வீட்டிலிருப்பவர்கள் "வயதாகிவிட்டது, தள்ளாமை" என்பார்கள். நம் நாட்டில் ஒரே மூலப்பொருள் எத்தனையோ வணிகப் பெயர்களில், வெவ்வேறு நிற அட்டைகளில் விற்கிறது. பாட்டியின் கண்ணுக்கு அவை இரண்டு வேறு மருந்துகள். ஒரு டாக்டர் எழுதியது இன்னொரு டாக்டருக்குத் தெரியாது. இரண்டு சீட்டு மருந்தும் ஒன்றுசேரும் ஒரே இடம், குளிர்பதனப் பெட்டியின் மேலே இருக்கும் பழைய பிஸ்கட் டப்பா. அந்த டப்பாவைத் திறந்து பார்க்கிற, மருந்து படித்த கண் உங்களுடையது மட்டும்தான்.

திறந்தீர்கள், பார்த்தீர்கள், ஆபத்து புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்ய முடியும்? டாக்டர் எழுதியதை மாற்ற நமக்கு உரிமை கிடையாது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆம் விதி, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய அட்டவணை எச் மருந்து ஒன்றுக்குப் பதிலாக, அதே மூலப்பொருள் கொண்ட வேறொன்றைக்கூட நாமாகக் கொடுக்கக் கூடாது என்கிறது. அந்தக் கட்டுப்பாடு தேவையானது என்றே நான் நினைக்கிறேன். நோயாளியின் முழு வரலாறும் நம் கையில் இல்லாதபோது நாமே திருத்தத் தொடங்கினால் விபரீதமாகும். இன்னொரு பக்கம், 2015இல் வந்த மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள், யாரும் கேட்காமலே மருந்தாளுநர் முன்வந்து நோயாளியிடமோ அவரைப் பார்த்துக்கொள்பவரிடமோ மருந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்கின்றன. கூர்ந்து பார், ஆனால் கை வைக்காதே என்பதுதான் இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் கட்டளை. அப்படியானால், பார்த்ததை டாக்டரின் காதில் போடுவதற்கு ஒரு வழி இருந்தாக வேண்டும். உங்கள் நிறுவனம் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் கொடுத்தது, செயலி கொடுத்தது, சத்து மாவு இலக்கும் கொடுத்தது. அந்த வழியை மட்டும் கொடுக்கவில்லை.

1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்க மெய்யியலாளர், செவிலியரின் வேலையைப் பற்றி எழுதும்போது இப்படிப்பட்ட வேதனைக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார். செய்ய வேண்டியது எது என்று தெளிவாகத் தெரிகிறது, நிறுவனத்தின் ஏற்பாடு அதைச் செய்ய விடுவதில்லை. அப்போது மனத்தில் உண்டாவதுதான் அந்த வேதனை. தமிழில் நான் இதை அறத் தவிப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். அலைச்சலில் வரும் களைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் பாதி தீர்ந்துவிடும். இது தூங்கினால் தீராது. விடியற்காலையில் எழுப்பி உட்கார வைத்து, "அந்தப் பாட்டி இன்று காலை எதை விழுங்கினாரோ" என்று கேட்கும். வேலையை விட்டுப்போன பிள்ளைகள் பலர் என்னிடம் வந்து பேசியிருக்கிறார்கள். சம்பளம், டிராஃபிக், மேலாளர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். காப்பி ஆறும்வரை பேசவிட்டால் கடைசியில் ஒரு பாட்டியோ தாத்தாவோ வருவார். உங்கள் பிரிவிலிருந்து போன ஐந்து பேரிடமும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

எனக்கும் ஒருவர் உண்டு. 1990களின் நடுவில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில், வீடு திரும்பிய நோயாளிகளைப் போய்ப் பார்த்து வரும் சிறிய ஏற்பாடு ஒன்று இருந்தது. ஃபிரேசர் டவுனில் ஒரு பெரியவருக்கு மூட்டுவாதம். மெதோட்ரெக்சேட் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டியது. அவர் தினமும் எடுத்துக்கொண்டிருந்தார். தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவதே நின்றுபோகும் என்று நமக்குத் தெரியும். நான் அவருடைய மகனிடம், "இன்றே நிறுத்துங்கள், நாளை டாக்டரிடம் கேளுங்கள்" என்றேன். எனக்கு இன்னும் இரண்டு வீடுகள் இருந்தன. டாக்டர் ஊரில் இல்லை. ஒரு மருந்தாளுநர் சொல்லி டாக்டர் மருந்தை நிறுத்துவதா என்று அந்த மகன் நான்கு நாள் காத்திருந்தார். வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சலோடு பெரியவரைச் சேர்த்தார்கள். 18 நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு மாதத்தில் நான் வேலையை விட்டேன். ராஜினாமாக் கடிதத்தில் குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன்.

ஏழு ஆண்டுகள் கழித்து, ஒரு பெண் மருத்துவருடன் சேர்ந்து மறுபடியும் வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். முதல் நாளே அவர் தன் வீட்டு எண்ணைக் கொடுத்து, "சந்தேகம் என்றால் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கூப்பிடுங்கள்" என்றார். அதே பெங்களூர், அதே பிஸ்கட் டப்பாக்கள், அதே அலைச்சல். 16 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தேன். இடையில் என் மனம் ஒன்றும் இரும்பாகிவிடவில்லை. ஒரு ஃபோன் எண் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

வெளிநாடுகளில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஜப்பானில் மருந்தாளுநர் நோயாளியின் வீட்டுக்குச் செல்வதற்குக் காப்பீட்டிலிருந்து தனிக் கட்டணம் உண்டு. முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு அங்கே 2000 ஏப்ரலில் வந்தது. டாக்டரின் அறிவுறுத்தலோடு போகிறார்கள், பார்த்ததை அறிக்கையாக டாக்டருக்கே அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2001இல் தொடங்கிய வீட்டு மருந்து மறுபார்வைத் திட்டத்திலும் டாக்டர் அனுப்பித்தான் மருந்தாளுநர் போகிறார், அறிக்கை அவரிடமே திரும்புகிறது. அங்கெல்லாம் வேலை சுகமாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் தனியாக வீடு வீடாக ஏறி இறங்கும் பாரம் இருக்கிறது, விட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் டாக்டரிடம் போகும் பாதை வேலையின் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. வரவேற்பில் இருப்பவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

நமக்கு அப்படி ஒரு திட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே உங்கள் அளவில் அந்தப் பாதையைப் போடப் பாருங்கள். இந்த வாரம் நீங்கள் போகும் வீடுகளின் சீட்டுகளில் இருக்கும் டாக்டர் பெயர்களை எண்ணுங்கள். வீடுகள் அறுபது, எழுபது இருந்தாலும் பெரும்பாலான சீட்டுகள் 10 அல்லது 12 பேரிடமிருந்துதான் வந்திருக்கும் என்பது என் அனுபவம். உங்கள் மூத்த மருந்தாளுநரை அழைத்துக்கொண்டு அவர்களை ஒவ்வொருவராக நேரில் பாருங்கள். காலை நோயாளிகள் முடிந்து டாக்டர் எழுந்திருக்கும் வேளையில் ஐந்து நிமிடம் போதும். கேட்க வேண்டியது ஒன்றே: உங்கள் நோயாளியின் வீட்டில் ஆபத்து ஒன்றைக் கண்டால் எந்த எண்ணுக்கு, எந்த வடிவில் சொல்ல வேண்டும்? எல்லோரும் இசைய மாட்டார்கள். பாதிப் பேர் இசைந்தாலே உங்கள் நாட்கள் மாறிவிடும்.

சொல்லும் முறையும் முக்கியம். டாக்டர்கள் நம் ஃபோனைத் தவிர்ப்பதற்கு, நாம் சுற்றி வளைத்துப் பேசுவதும் ஒரு காரணம் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஸ்ரீராம்புரம் பாட்டிக்கு நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "வணக்கம் டாக்டர். உங்கள் நோயாளி இன்னார், 78 வயது. கிளிமெபிரைடை இரண்டு வணிகப் பெயர்களில் தினமும் எடுக்கிறார். ஒன்று நீங்கள் எழுதியது, மற்றது இன்ன டாக்டர் எழுதியது. இன்று 11 மணிக்குச் சர்க்கரை 68. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பார்த்ததில் 104. எதைத் தொடரட்டும்? நாளைக் காலை வேளைக்கு முன் உங்கள் பதில் தேவை." இதில் புகாரும் இல்லை, அறிவுரையும் இல்லை. முடிவெடுக்க வேண்டியவருக்குத் தேவையானது மட்டும் இருக்கிறது. 70க்குக் கீழே இருந்தால் யாருடைய பதிலுக்கும் காத்திராமல் முதலில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். விழுங்க முடியாத அளவு மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. வாசகர்களும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதை உங்கள் நிறுவனத்தின் பொறுப்பு மருந்தாளுநர் எழுத்தில் தர வேண்டும். இரண்டாவது டாக்டரைக் கூப்பிடுவது, பிறகு பொறுப்பு மருந்தாளுநரே பேசுவது, தெளிவு கிடைக்கும்வரை இரட்டிப்பான மருந்தைப் பெட்டியில் போடாமல் வைத்து வீட்டாரிடம் காரணத்தைச் சொல்வது, இப்படி. அரைப் பக்கத்தில் எழுதி அவர் கையெழுத்துப் போட்டால் போதும். அதைக் கேட்கும்போது உங்கள் கை நடுங்கலாம். ஆனால் கேளுங்கள். அந்தத் தாள் கிடைத்த பிறகு படிக்கட்டில் நிற்பது நீங்கள் மட்டுமாக இருக்காது.

கடிகாரத்தைப் பார்த்ததற்கு வருவோம். பணிச்சோர்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், 1981இல் சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து அதை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் மூன்று பக்கங்கள் உண்டு: சக்தி வற்றிப்போவது, பராமரிக்கும் மனிதர்களிடமிருந்து மனம் விலகி மரத்துப்போவது, தான் செய்வதால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது. நீங்கள் எழுதியது இரண்டாவது. மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கதவைச் சாத்துகிறது. அந்த அம்மா அழுதபோது உங்களுக்குள் ஒன்றும் அசையவில்லை என்றால், அதை நினைத்து வெட்கமும் வந்திருக்காது, எனக்குக் கடிதமும் வந்திருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டிலும் பணிச்சோர்வை ஒரு நோயாக எழுதவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை நெருக்கடியின் விளைவு என்றுதான் எழுதியிருக்கிறது. எனவே உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

தமிழ் வீடுகள் எல்லாம் உங்களிடம் வருவதைப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. கோலார் தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடிய பிறகு மகனோடு இங்கே வந்து, ஒற்றை அறையில் முடங்கிய கிழவிகளுக்கு, தமிழில் "சாப்பிட்டீர்களா" என்று கேட்பவர் மகள்போலத்தான். மாத்திரையைப் பற்றிக் கேட்டால் மருமகளைப் பற்றிச் சொல்வார்கள். அதைக் கேட்டால்தான் மாத்திரை ஏன் மிஞ்சுகிறது என்பதும் புரியும். ஆனால் கன்னடமோ ஆங்கிலமோ பேசும் வீட்டில் 20 நிமிடத்தில் முடிவது இங்கே முடியாது. மொழி தெரிவது ஒரு திறமை. அந்தத் திறமைக்காக உங்களுக்கு அதிக நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும், அதிகச் சுமையை அல்ல. தமிழ் வீடுகளைக் கணக்கிடும்போது வீட்டுக்கு 30 நிமிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

அந்தக் கதவைப் பற்றி நான் கடுமையாகவே எழுதப் போகிறேன். பெரிதுபடுத்தாதே என்று சொன்னவர் தவறு செய்தார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, வேலையின் காரணமாக நீங்கள் செல்லும் எந்த இடத்தையும் பணியிடம் என்கிறது. வீட்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்து உங்களைக் காப்பதும் முதலாளியின் கடமைதான். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் உள் குழு இருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். போலீசுக்குப் போக விரும்பினால் உங்களுக்கு உதவ வேண்டியதும் நிறுவனம்தான். புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் முடிவு, நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அந்த வீட்டுக்கு நீங்கள் இனி தனியாகப் போகக் கூடாது. நீங்கள் விட்ட வீட்டை விவரம் சொல்லாமல் இன்னொரு பெண்ணிடம் கொடுப்பதையும் அனுமதிக்காதீர்கள். தேதி, நேரம், யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதையெல்லாம் இன்றிரவே எழுதி வையுங்கள்.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961, நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. அதற்கு மேல் செய்தால் இரட்டிப்புக் கூலி. இரவில் வீட்டில் எழுதும் குறிப்புகளும் வேலைதான். இரண்டு வாரம் ஒரு சிறிய நோட்டில் புறப்பட்ட நேரம், வீடுகளுக்கு இடையே போன நேரம், குறிப்பெழுதிய நேரம் மூன்றையும் குறித்து வாருங்கள். பேசப் போகும்போது அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

சத்து மாவு இலக்குதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. கொண்டு வருபவர் எதையும் விற்க வேண்டியதில்லை. உங்கள் நிலைமை வேறு. வீட்டுக்குப் போவதற்கென்று யாரும் கட்டணம் தருவதில்லை, அதனால் அந்தச் செலவு மருந்து விற்பனையிலிருந்து வர வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். டப்பாவிலிருந்து தேவையில்லாததை எடுக்கப் போனவரையே அதற்குள் இன்னொன்றைப் போடச் சொல்கிறார்கள். முதியவர் உங்களை நம்புவதால்தான் வாங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இலக்கை ஏற்க முடியாது என்று நீங்கள் சொன்னால் அது சோம்பல் ஆகாது. முடிந்தால், வீட்டுக்கு ஒரு கட்டணத்தை வெளிப்படையாக வாங்கும்படி நிறுவனத்திடம் சொல்லிப் பாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பலர் அதை மனமுவந்து தருவார்கள்.

மருந்துக் கடை நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து பேர் போனால் ஐந்து பேரை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தாத்தா மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துப் பிறகு செடித் தொட்டியில் துப்புவார், அந்த வீட்டு வேலைக்காரப் பெண் இன்சுலினை உறைபெட்டியில் வைத்துப் பனிக்கட்டியாக்கிவிடுவார், எதிர்வீட்டு மாமியிடம்தான் சாவி இருக்கிறது, மதியம் ஒரு மணிக்குப் போனால்தான் மகன் இருப்பான். இவற்றையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு மருந்தாளுநருக்கு ஓர் ஆண்டாவது ஆகும். அவர் போகும்போது அதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருபவர் முதல் நாளிலிருந்து தொடங்குவார். அந்த இடைவெளியில் ஒரு பாட்டி இரண்டு கிளிமெபிரைடு சாப்பிடுவார்.

இனி, விடலாமா என்ற கேள்வி. இந்த வாரம் விடாதீர்கள். இப்படியே தொடரவும் வேண்டாம். டாக்டர்களிடம் பேச வழி, ஆபத்தான வீட்டுக்குத் தனியாகப் போக மறுக்கும் உரிமை, நாளுக்கு 6 அல்லது 7 வீடுகள், இந்த மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். மீதமிருக்கும் மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. மூன்றே பேர் எஞ்சியிருக்கும் பிரிவின் பேச்சை நிறுவனம் எளிதில் ஒதுக்க முடியாது. இரண்டு மாதம் கொடுங்கள். நாட்காட்டியில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒன்றுகூட நகரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். வார்டில் டாக்டரோடு சேர்ந்து மருந்துகளைப் பார்க்கும் மருத்துவமனைகள், வலிநிவாரணப் பராமரிப்பு இல்லங்கள், முதியோர் இல்லங்கள் என்று உங்கள் அனுபவத்துக்கு மதிப்புள்ள இடங்கள் பெங்களூரில் இருக்கின்றன. நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளமாக இருக்க வேண்டாம். "சந்தேகம் வந்தால் நான் எந்த டாக்டரை, எப்படிக் கூப்பிடுவது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே சேராதீர்கள். போவதாக முடிவானால் கடைசி இரண்டு வாரம் புதியவரை உங்கள் வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டுப் போங்கள். நான் 1990களில் அப்படிச் செய்யாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

இதற்கிடையில் தூக்கமே வராமல் போனாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றினாலோ இரண்டு மாதக் கணக்கெல்லாம் செல்லாது. அன்றே டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416ஐக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். நேரில் போக வேண்டும் என்றால் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது.

கடைசியாக அல்சூர் தாத்தாவின் பெட்டி. மூன்று வாரம் ஒரு மாத்திரைப் பெட்டியைச் சுமக்கிறீர்கள் என்றால் அவர் உங்களுக்கு வெறும் முகவரி இல்லை. முதலில் மாத்திரைகளை வெளியே எடுங்கள். வேறு யாருக்கும் தர வேண்டாம், கடையில் காலாவதி மருந்துகளோடு அப்புறப்படுத்தக் கொடுத்துவிடுங்கள். பெட்டியைக் கழுவித் துடையுங்கள். அவருடைய பிள்ளைகளின் எண் உங்கள் பதிவேட்டில் இருக்கும். அழைத்து, நீங்கள் யார் என்று சொல்லி, எப்போது வரலாம் என்று கேளுங்கள். வேலை நேரத்திலேயே போங்கள், 9 வீடுகளில் ஒன்றாக அதையும் எழுதுங்கள். பெட்டியை அவர்கள் வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். தாத்தாவின் கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று கேளுங்கள். அவர் உங்களிடம் என்னவெல்லாம் பேசுவார் என்று நீங்களும் சொல்லுங்கள். அது அவர் பிள்ளைகளுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். காப்பி கொடுத்தால் உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர், பெங்களூர்